மல்டிமீட்டரில் 2.96 வோல்ட் காட்டுகிறது: ஸ்மார்ட் கீ செல் நல்லதா, போச்சா?

தார்ரோடு:
புஷ் ஸ்டார்ட் கார், 2 வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் ரிமோட் பட்டன் 20 மீட்டரிலேயே எடுக்கும். இப்போது 4, 5 மீட்டருக்குள் வந்து இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருக்கிறது. கதவுக் கைப்பிடி பட்டனும் ஒரு நேரம் திறக்கிறது, ஒரு நேரம் இல்லை. டாஷ்போர்டில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. சாவிக்குள் இருக்கும் சிஆர்2032 செல்லை மல்டிமீட்டரில் பார்த்தால் 2.96 வோல்ட். 3 வோல்ட் செல்தானே, அப்புறம் ஏன் இப்படி? சர்வீஸ் சென்டரில் சாவியையே மாற்றச் சொல்கிறார்கள்.

ஈயப்பற்று:
சாவியை மாற்றாதீர்கள். அந்த 2.96 உங்களை ஏமாற்றுகிறது.

புது சிஆர்2032 சும்மா இருக்கும்போது 3.2 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும். லித்தியம் செல் தீரும்வரை வோல்ட்டேஜ் பெரிதாக இறங்காது, ஏறுவது உள்மின்தடைதான், அதாவது செல்லுக்குள்ளேயே கரண்டைத் தடுக்கும் தடை. மீட்டர் செல்லிலிருந்து கரண்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம், அதனால் இது அதன் கண்ணில் படாது. பட்டனை அழுத்தும் அந்த நொடியில் டிரான்ஸ்மிட்டர் சுமார் 10, 15 மில்லி ஆம்பியர் கேட்கும். கிழட்டு செல் அங்கேதான் குப்புற விழும்.

லோடு கொடுத்து, அதாவது செல்லைக் கரண்ட் கொடுக்க வைத்துப் பாருங்கள். 220 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் செல்லின் இரு பக்கமும் படும்படி பிடித்து, அதே நேரத்தில் வோல்ட்டேஜ் அளக்க வேண்டும். 3 நொடி போதும், பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள். நல்ல செல் 2.8க்கு மேல் நிற்கும். 2.5க்குக் கீழே போனால் தூக்கிப் போடலாம். மீட்டரின் சிவப்பு வயர் 10 ஆம்பியர் ஓட்டையில் செருகியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அப்படியே அளந்தால் செல்லை ஷார்ட் செய்ததாகிவிடும். நல்ல செல்லும் போய்விடும்.

கிரீஸ்கை:
மீட்டர் இல்லாதவர்களுக்கு: இரண்டாவது சாவியை எடுத்து, அதே இடத்தில், அதே தூரத்தில் அழுத்திப் பாருங்கள். அது எடுத்தால் கோளாறு முதல் சாவியில். இரண்டுமே எடுக்கவில்லை என்றால் காரை வேறு இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். பல ரிமோட்கள் பேசும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேறு ஏதாவது இரைச்சல் இருந்தாலும், மட்டமான யுஎஸ்பி சார்ஜர் செருகியிருந்தாலும் இதே தொல்லை வரும்.

இன்னொன்று. பட்டனும் கைப்பிடியும் ஒரே வழியில் வேலை செய்வதில்லை. கைப்பிடியைத் தொட்டதும் கார்தான் 125 கிலோஹெர்ட்ஸ் போன்ற தாழ் அலைவரிசையில் ஒன்றரை மீட்டர் தூரத்துக்குக் குரல் கொடுக்கும். சாவி அதைக் கேட்டு, பதிலை ரிமோட் அலைவரிசையில் அனுப்பும். இரண்டும் சேர்ந்து தளர்ந்தால் முதல் சந்தேகம் செல் மேல். பட்டன் பழைய தூரத்திலேயே எடுத்து, கைப்பிடி மட்டும் அடியோடு நின்றால் செல்லை விட்டுவிடுங்கள். சாவி கீழே விழுந்து, போர்டில் காரின் குரலைக் கேட்கும் சின்னச் சதுரக் காயிலைப் பற்றவைத்த ஈயம் விட்டிருக்கலாம். அதே சாவிக்கு எதிர்ப்பக்கக் கதவு திறக்கிறது என்றால் கோளாறு இந்தக் கைப்பிடியில்.

தார்ரோடு:
220 ஓம் வைத்தேன். 2.96 இரண்டே நொடியில் 2.3க்கு வந்துவிட்டது. வேறு செல் வாங்கப் போகிறேன். கடையில் சிஆர்2025 தான் இருக்கிறது, அதுவும் 3 வோல்ட்தான் என்கிறார். போடலாமா?

ஈயப்பற்று:
வேண்டாம். விட்டம் இரண்டுக்கும் 20 மில்லிமீட்டர், ஆனால் தடிமன் 2032க்கு 3.2, 2025க்கு 2.5. அந்த 0.7 மில்லிமீட்டரால் சாவிக்குள் செல்லைத் தொடும் தகடு சரியாகப் படாது. இன்று எடுக்கும், நாளை குலுங்கினால் எடுக்காது. சிலர் வெள்ளித் தாள் மடித்து வைப்பார்கள். அது நழுவினால் ஷார்ட்.

குழந்தைகள் வாயில் போடாமலிருக்கக் கசப்புப் பூச்சோடு வரும் செல்களிலும் கவனம். சில சாவிகளில் அந்தப் பூச்சு தகட்டுக்கும் செல்லுக்கும் நடுவே தடையாக நிற்கும். ஓரத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் சரியாகும், ஆனால் பூச்சு இல்லாததை வாங்கினால் வேலை மிச்சம். பூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பழைய செல்லின் இரு பக்கமும் செல்லோடேப் ஒட்டிக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம்.

கிரீஸ்கை:
திறக்கும்போது முதலில் உள்ளிருக்கும் இரும்புச் சாவியை உருவுங்கள். அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். தட்டை ஸ்க்ரூடிரைவர் முனையில் டேப் சுற்றி அதில் வைத்துத் திருப்புங்கள். பட்டன் பக்கம் நெம்பினால் ரப்பர் கிழியும். பழைய செல்லின் ப்ளஸ் மேலே இருந்ததா கீழேயா என்று பார்த்துவிட்டுக் கழற்றவும். செல்லை எடுத்தால் புரோகிராம் அழிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், பொதுவாக அழியாது. செல் அடியோடு செத்தாலும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்து, சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டி வைத்து அழுத்தினால் பெரும்பாலான கார்கள் கிளம்பும். சில வண்டிகளில் சாவி வைக்கும் இடம் கன்சோலில் இருக்கும், மேனுவலில் படம் போட்டிருப்பார்கள். உள்ளே போனதும் விளக்கும் மங்கலாக எரிந்தால் சாவியை விடுங்கள், 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள்.

மாற்றிய பிறகு சாவியைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டாதீர்கள். காரின் அலை எட்டும் தூரம் என்றால் சாவி அடிக்கடி விழித்துச் செல்லைத் தின்னும்.