கர்ணனைக் கொல்றது சாபமா, அவன் குணமா?

அயோத்தியாப்பட்டணத்தான்: ஆடிப் பண்டிகைக்குக் கர்ண மோட்சம் தெருக்கூத்தை ஒரு மணி நேரமாச் சுருக்கிப் போடணும். ஒத்திகையில பார்த்தா சாபம், தேர்ச்சக்கரம் மண்ணுல புதைஞ்சதுன்னு பழியெல்லாம் விதி மேலயே விழுது. எதை வெட்டலாம்?

மேளக்காரர்: சாபத்தைக் கட்டியங்காரன் (கூத்துல கதை சொல்லி நடத்துறவன்) வாயால ரெண்டு வரியில முடிங்க. குந்தி கட்டத்துல மட்டும் கை வைக்காதீங்க. வில்லிபாரதத்துல அவ கேட்கிறது ரெண்டு: அர்ச்சுனனைத் தவிர மத்த நாலு பேரைக் கொல்லக் கூடாது, பாம்பே அம்பாப் போற நாகாஸ்திரத்தை மறுதடவை விடக் கூடாது. செஞ்சோற்றுக் கடனுக்காகப் பாண்டவர் பக்கம் போக மறுத்தவன், இதுக்கு மட்டும் சட்டுனு தலையாட்டுறான். கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்ல வராது. 17-ஆம் நாள் போர்ல அவன் நாகாஸ்திரத்தை அர்ச்சுனன் தலைக்கு விட, கண்ணன் தேரை அழுத்த, அர்ச்சுனன் கிரீடம்தான் போகுது. 'இன்னொரு தரம் விடு'ன்னு பாம்பு கெஞ்ச, மாட்டேங்கிறான் பாருங்க, சாவு அங்கேயே முடிவாயிடுது. அந்த இடத்துல மிருதங்கத்தை நிறுத்திடுங்க.

சேர்வராயன்: சரிதான், ஆனா கர்ணனோட தேரோட்டி சல்லியனை விட்டுட்டீங்களே. மார்புக்குக் குறி வைன்னு அவன் சொன்னதைக் கேட்காதது கொடை இல்லை, வீம்பு. அது இல்லேன்னா கர்ணன் வெறும் தியாகி ஆயிடுவான். கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவி கட்டத்தை இழுத்தா ஜனம் அழும், காரணம் விளங்காது. பத்து நிமிஷம் போதும்.