மார்க்கமில் தக்காளிக் கன்றுகளை வெளியில் நடுவது எப்போது? விக்ரோறியா தினம் வரை காத்திருக்க வேண்டுமா?

புதுவளவு (மார்க்கம்), மே 4, 2026

சென்ற இலையுதிர் காலத்தில், கனடாவில் ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் மார்க்கம் நகரின் வட பகுதியில் புதிதாகக் கட்டப்பட்ட வீடொன்றுக்குக் குடிவந்தோம். மார்ச் கடைசியில் யன்னலோரத்தில் முளைக்கவைத்த தக்காளிக் கன்றுகள் இப்போது ஒரு சாண் உயரத்தைத் தாண்டிவிட்டன. தண்டு மெலிந்து கண்ணாடிப் பக்கமாகவே சாய்கின்றன. பகல் வெப்பநிலை 17, 18 பாகை வரை ஏறுகிறது. கடைகளிலும் கன்றுகளை வெளியில் அடுக்கி விற்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் மே மாதப் பொது விடுமுறையான விக்ரோறியா தின வார இறுதிக்கு முன்னர் தக்காளியை வெளியில் நடவே கூடாது என்று என் மாமியார் உறுதியாகச் சொல்கிறார். என்னுடன் வேலை செய்பவரோ சென்ற வாரமே நட்டுவிட்டாராம். ஊரில் மாரி மழை ஓய்ந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துப் பழகிய எங்களுக்கு, இங்கே எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் காரணத்துடன் சொன்னால் உதவியாக இருக்கும்.

கத்தரித்தோட்டம் (பிரம்ரன்), மே 4

உங்கள் மாமியார் சொல்வதைக் கேளுங்கள். கடையில் கன்று வந்துவிட்டது என்பது நடும் காலம் வந்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது. வெயிலைக் கண்டதும் சனம் வாங்க வரும் என்பதற்காகத்தான் கடைக்காரர் அவற்றை வெளியில் வைக்கிறார். அவை பட்டுப்போனால் மறுபடியும் போய் வாங்கப்போவதும் நாங்கள்தான்.

ரொறன்ரோ நகரின் நடுப்பகுதியில் உறைபனி பெரும்பாலும் ஏப்ரல் கடைசியோடு அல்லது மே தொடக்கத்தோடு முடிந்துவிடும். ஆனால் ஒன்ராறியோ ஏரியிலிருந்து தள்ளி வடக்கே இருக்கும் மார்க்கம், பிரம்ரன் போன்ற இடங்களில் மே நடுப்பகுதி வரை அதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். இணையத்தில் தேடினால் கிடைக்கும் "சராசரிக் கடைசி உறைபனி நாள்" கடந்தவுடன் ஆபத்து நீங்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது சராசரி என்பதால், ஏறத்தாழப் பாதி ஆண்டுகளில் அந்த நாளுக்குப் பிறகும் உறைபனி விழுந்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். 2020ஆம் ஆண்டு அன்னையர் தின வார இறுதியில் தென் ஒன்ராறியோவில் பனி தூவியது பலருக்கு நினைவிருக்கும். அது மே 9, 10ஆம் திகதிகள்.

அவசரத்தால் என்ன இலாபம் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். பீஃப்ஸ்டேக் போன்ற பெரிய பழ வகைக்கு, வெளியில் நட்ட நாளிலிருந்து ஏறத்தாழ 80 நாட்கள் தேவை. மே 24இல் நட்டாலும் ஓகஸ்ட் 12 அளவில் முதல் பழம் கிடைக்கும். இலையுதிர்கால உறைபனி பொதுவாக ஒக்ரோபரில்தான் வருகிறது. அதற்கிடையில் பறிக்க உங்களுக்குப் போதுமான காலம் உண்டு.

ஏரிக்கரை (ரொறன்ரோ, பீச்சஸ்), மே 5

அக்கா சொன்ன உறைபனிக் கணக்கோடு எனக்குப் பிணக்கில்லை. அதை ஒரு பொது விடுமுறையோடு கொண்டுபோய் முடிச்சுப் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. விக்ரோறியா தினம் மே 25க்கு முந்திய திங்கட்கிழமையில் வருவது. ஆகவே அது 18ஆம் திகதிக்கும் 24ஆம் திகதிக்கும் இடையில் எங்கேயும் விழலாம். இந்த ஆண்டு மே 18, அடுத்த ஆண்டு மே 24. ஒரே மண், ஒரே வளவு. நாட்காட்டி நகர்ந்ததற்காக நடும் நாள் ஆறு நாட்கள் நகர வேண்டுமா? மூன்று நாள் விடுமுறை கிடைப்பதால் எல்லோரும் அன்றைக்கு மண்வெட்டியைத் தூக்குகிறார்கள் என்பதைத் தவிர அந்த நாளுக்கும் தக்காளிக்கும் உறவு எதுவும் இல்லை.

நான் ஏரிக்கு மிக அருகில் இருக்கிறேன். தெற்குப் பார்த்த செங்கல் சுவரோடு ஒட்டிய உயர்த்திய பாத்தியில் மே முதல் வாரத்திலேயே சில கன்றுகளை நடுவது என் வழக்கம். நடுவதற்கு முன்னர் பாத்தியைக் கறுப்புப் பொலித்தீனால் மூடி மண்ணைச் சூடேற்றுவேன், குளிரும் இரவுகளில் தோட்டத் துணியால் கன்றுகளைப் போர்த்துவேன். ஏர்லி கேர்ள் போன்ற விரைவில் காய்க்கும் வகைக்கு 55 நாட்கள் அளவு போதும் என்பதால் யூலை முதல் வாரத்திலேயே பழம் பறிக்கலாம். அக்காவின் கணக்கில் ஒரு விடயம் விடுபட்டுப்போயிற்று. யூலையில் பகல் 32 பாகையைத் தாண்டி, இரவும் 22, 23 பாகைக்குக் கீழே இறங்காத நாட்கள் வந்தால் தக்காளி பூவை உதிர்த்துவிடும். அதற்கு முன்னரே பிஞ்சு பிடித்த செடிக்கு அது பெரிய இழப்பாகாது; பிந்தி நட்டுக் கன்று அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்தால் அந்தப் பூக்கள் வீண்.

வெப்பமானி (ஸ்காபரோ), மே 5

இரண்டு பேரும் உறைபனியையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். தக்காளி சாவது பூச்சியத்தில். ஆனால் அதன் வளர்ச்சி நின்றுபோவது 10 பாகையில். தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப் பக்கத்திலிருந்து வந்த வெப்ப நாட்டுச் செடி அது. வேர் படும் ஆழத்தில் மண் குளிர்ந்திருந்தால், மண்ணில் பொசுபரசுச் சத்து நிறைந்திருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: நரம்புகளில் தொடங்கி ஊதா நிறம் படர்ந்திருக்கும். பலர் அதைக் கண்டதும் பசளை போடுகிறார்கள். அதற்குப் பசளை மருந்தல்ல, சூடுதான் மருந்து. இப்படி மே தொடக்கத்தில் நட்டுக் கிழமைக்கணக்கில் அசையாமல் நின்ற கன்றை, மே கடைசியில் சூடான மண்ணில் நட்ட கன்று எட்டிப் பிடித்துவிடுவது புதுமையான காட்சி அல்ல. பூமொட்டு உருவாகும் நாட்களில் இரவு 10 பாகையை ஒட்டிக் குளிர்ந்தால் முதல் பழங்கள் மடிப்பும் தழும்புமாக உருக்குலைந்து வருவதும் உண்டு; பெரிய பழ வகைகளில் இது கூடுதலாகத் தெரியும்.

எனவே நாளைப் பார்க்காமல் மண்ணை அளந்து பாருங்கள். இறைச்சி வேகும்போது குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி ஒன்று போதும். காலை ஏழு மணியளவில் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குத்துங்கள். தொடர்ந்து சில நாட்கள் 15 பாகையைத் தொட்டு, இரவு வெப்பநிலையும் 10க்குக் கீழே இறங்காது என்ற நிலை வந்தால் நடலாம். மாலையில் அளக்க வேண்டாம், வெயில் சூட்டில் மண் பொய் சொல்லும்.

ஏரிக்கரை அண்ணாவுக்கு ஒன்று: ஏரி உங்களுக்கு இரவில் காவல், பகலில் தடை. வசந்தத்தில் ஏரி நீர் மிகக் குளிர்ந்திருப்பதால், பகலில் அங்கிருந்து வீசும் காற்று கரையோரத்தைக் குளிராகவே வைத்திருக்கும். மார்க்கமில் 22 பாகை இருக்கும் அதே பிற்பகலில் உங்கள் தெருவில் 14 இருக்கலாம். அந்தக் குறையை நிரப்புவது உங்கள் செங்கல் சுவரும் கறுப்புப் பொலித்தீனும்தான். அவை இல்லாத ஒருவர் உங்கள் நாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் ஏமாறுவார்.

கத்தரித்தோட்டம், மே 6

வெப்பமானி தம்பி எழுதியது என் கட்சிக்குத்தான் வலுச் சேர்க்கிறது. எங்கள் பக்கத்துப் புதிய குடியிருப்புகளில் வீடு கட்டியவர்கள் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, அடிக்களிமண்ணின் மேல் மெல்லியதாகப் புல்லை விரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மண்வெட்டியைப் போட்டால் பிட்டுப்போல உதிராது, கட்டியாகப் பெயரும். பனி உருகிய நீரைப் பிடித்துவைத்திருக்கும் அந்தக் களி சூடேறுவதற்கு நாட்பிடிக்கும். புதுவளவு இருக்கும் இடமும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அங்கே மே 18க்கு முன்னர் 15 பாகை வருமென்றால் எனக்கு வியப்பாக இருக்கும்.

போர்த்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு வேலைக்குப் போகிறவர்கள், விடியற்காலை பிள்ளைகளைப் பராமரிப்பிடத்தில் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் ஒவ்வொரு மாலையும் துணியை விரித்து, ஒவ்வொரு காலையும் எடுத்துக்கொண்டிருக்க முடியுமா? பொலித்தீனால் மூடிவிட்டு எடுக்க மறந்தால், மறுநாள் வெயிலில் கன்று உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். பொலித்தீன் இலையில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் குளிரிலும் கருகும். பழைய சாரமோ படுக்கைவிரிப்போ அதைவிட மேல், ஆனால் அவற்றையும் யாராவது ஒருவர் நினைவாகப் போட வேண்டும். முதன்முதலாகத் தோட்டம் செய்கிறவருக்கு ஒரு நாளைச் சொன்னால் அவர் அதை நினைவில் வைத்திருப்பார். ஏழு மணிக்கு எழுந்து மண்ணைக் குத்தச் சொன்னால் இரண்டாம் நாளே விட்டுவிடுவார்.

ஏரிக்கரை, மே 6

அப்படி நாளையே நம்பியிருந்தவர்களுக்கு 2022ஐ நினைவூட்டுகிறேன். அந்த ஆண்டு மே 21, விக்ரோறியா தின வார இறுதிச் சனிக்கிழமை, தென் ஒன்ராறியோவைக் குறுக்காகக் கடந்த கடும் புயற்காற்று மரங்களையும் மின்கம்பிகளையும் சாய்த்துக்கொண்டு போனது. தக்காளிக் கன்று எம்மாத்திரம்? உறைபனி வராது என்பதற்காக எல்லாம் சரியாகிவிடும் என்று எந்த நாளாலும் உறுதி தர முடியாது. நான் எல்லாக் கன்றுகளையும் முன்கூட்டி நடச் சொல்லவில்லை. சிலவற்றை முந்தி நட்டு, மிச்சத்தை உள்ளே வைத்திருந்தால் இழப்பதற்கு என்ன இருக்கிறது? அதோடு, ஓகஸ்ட் கடைசியில் ஈரமும் குளிருமான நாட்கள் வந்து பின்கருகல் நோய் பிடித்தால், பிந்தி நட்டவர் பச்சைக் காயோடு செடியைப் பிடுங்குவார். முந்தி நட்டவர் அதற்குள் பாதியாவது பறித்திருப்பார்.

தாவர வலய இலக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். அது பல்லாண்டுச் செடிகள் இங்கத்தைப் பனிக்காலத்தைத் தாங்குமா என்பதைச் சொல்வது. வசந்தகால உறைபனி எந்த நாளில் முடியும் என்பதை அது சொல்லாது.

புதுவளவு, மே 7

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை அளந்து பார்த்தேன். புல்லை வெட்டி எடுத்த பாத்தியில் 9 பாகை, டெக்கில் வைத்திருக்கும் பெரிய சாடியின் மண்ணில் 12 பாகை. அக்கா சொன்னது சரி, பாத்தி முழுக்க மஞ்சள் களிதான். இன்று இரவு 4 பாகை, வானம் தெளிவு, காற்று இல்லை என்று எதிர்வுகூறல் சொல்கிறது. 4 பாகை என்றால் உறைபனிக்கு இடமில்லைத்தானே? பகலில் வெளியில் வைத்த கன்றுகளை அப்படியே விட்டுவிடலாமா? அவை மேலும் நீண்டுகொண்டே போவதுதான் என் கவலை.

வெப்பமானி, மே 7

விடவேண்டாம். வானிலை நிலையத்தில் வெப்பநிலையை அளப்பது தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில். தெளிந்த வானமும் அசையாத காற்றும் உள்ள இரவில் தரை தன் சூட்டை நேரே வானத்துக்கு இழந்துவிடும். குளிர்ந்த காற்று பாரமானது என்பதால் பள்ளமான இடத்தில் தேங்கும். மேலே 3, 4 பாகை இருக்கும்போதே புல்லின் நுனியில் வெண்பனி படிவது இதனால்தான். முகில் மூடிய, காற்று வீசும் 4 பாகை இரவு இதைவிடப் பாதுகாப்பானது. ஆகவே எதிர்வுகூறலில் இலக்கத்தோடு முகிலையும் காற்றையும் சேர்த்துப் பாருங்கள். இன்றிரவு கன்றுகள் கராஜுக்குள் இருக்கட்டும்.

நீண்டுபோவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இப்போதே சற்றுப் பெரிய சாடிகளுக்கு மாற்றி, தண்டின் கீழ்ப்பகுதியை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். தக்காளி புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். நாளையிலிருந்து வெளிக்குப் பழக்குங்கள்: முதலில் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு காலை வெயில், பிறகு அரை நாள் என்று ஏழு முதல் பத்து நாட்கள். யன்னலோரத்தில் வளர்ந்த கன்றை ஒரேயடியாக நேர்வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கடதாசிபோலாகிவிடும். பழக்கும் நாட்களில் காற்றுப் பட்டுத் தண்டும் தடிக்கும். பாத்தியில் நடும்போது களிமண்ணில் ஆழக் குழி தோண்ட வேண்டாம், கீழே போகப் போகக் குளிர்தான். நீண்ட கன்றை ஆழமற்ற சாலில் கிடையாகப் படுக்கவைத்து, நுனியை மட்டும் மேலே விட்டு மூடுங்கள்.

ஏரிக்கரை, மே 8

சாடியில் 12 பாகை என்றால் அது இன்னும் சில நாட்களில் 15ஐத் தொடும். ஒன்றிரண்டு கன்றைப் பழக்கியபின் அந்தச் சாடியிலேயே நட்டுவிடுங்கள். குளிரும் இரவில் சாடியோடு உள்ளே தூக்கி வைக்கலாம். துணியும் வேண்டாம், பொலித்தீனும் வேண்டாம்.

கத்தரித்தோட்டம், மே 8

சாடி விரைவில் சூடாவதுபோலவே இரவில் விரைவில் குளிரும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஈர மண் நிறைந்த பெரிய சாடியைத் தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதையும்தான். செய்கிறதென்றால் சில்லுப் பலகையில் வைத்துச் செய்யுங்கள். பாத்தியைப் பொறுத்தவரை என் கருத்து மாறவில்லை. 18ஆம் திகதி காலை உங்கள் மண்ணின் அளவை இங்கே எழுதுங்கள். 15ஐத் தொடவில்லையென்றால் விடுமுறை என்பதற்காக நடச் சொல்ல நானும் வரமாட்டேன். அடுத்த வார இறுதிக்குத் தள்ளிப்போடலாம். ஆனால் அதற்கு முன்னர் மண் 15ஐத் தொட்டாலும், அந்த வாரத்து இரவுகள் 10க்குக் கீழே போகாது என்று தெரியும்வரை களிப் பாத்தியில் கன்றை வைக்க வேண்டாம்.