உடலேறு பங்கு: சேற்றில் கிடக்கும் நஞ்சுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

சென்னைக்கு வடக்கே உள்ள எண்ணூர்க் கழிமுகத்துச் சேறு பற்றிய கையேட்டுக்காக, மூன்று ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் கேட்டிருந்தேன். அவற்றில் இரண்டு ஏறக்குறைய முடிந்துவிட்டன. செடிமென்ட்டுக்குக் 'கடலடிப் படிவு' என்பதில் எனக்கும் உடன்பாடு. வண்டல் என்றால் உழவர் மனம் குளிர்கிற மண். அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் பரவிய எண்ணெயும் படிந்த சேற்றை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ரிஸ்க்குக்கு 'இடர்வாய்ப்பு'. ஹசார்டை 'இடர்' என்று பிள்ளைகள் ஏற்கெனவே பாடநூலில் படிக்கிறார்கள். அதே சொல்லை ரிஸ்க்குக்கும் வைத்தால் இரண்டும் குழம்பும்.

மூன்றாவதுதான் பெரும் சிக்கல்: பயோஅவைலபிலிட்டி. அதாவது, ஒரு பொருளில் எவ்வளவு உயிர்களின் உடலுக்குள் போகக்கூடும் என்பது. நீங்கள் எழுதியனுப்பிய யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பதில் சொல்கிறேன்.

> 'உயிர்க்கிடைப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே. மூலச்சொல்லின் இரு பகுதியும் அப்படியே வந்துவிடுகின்றன.

வருகின்றன ஐயா. ஆனால் உயிர் கிடைத்தது என்றால் பிழைத்துக்கொண்டது என்றுதானே நம் காதில் விழும்? நாம் பேசுவதோ காட்மியம் என்ற நச்சு உலோகத்தைப் பற்றி.

இந்த ஒரு சொல்லுக்கு நான் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சேற்றை அமிலத்தில் கரைத்து மொத்த ஈயம் எவ்வளவு என்று அளந்துவிடலாம். 1995இல் அமெரிக்காவில் வெளியான அளவுகோல்படி, ஒரு கிலோ உலர்ந்த படிவில் ஈயம் 46.7 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அங்கே வாழும் உயிர்களுக்குக் கேடு வருவது அரிது. 218ஐத் தாண்டினால் அடிக்கடி வரும். படிவு மாசின் ஆபத்தைக் கணிக்க ஹேக்கன்சன் என்ற ஆய்வாளர் 1980இல் வகுத்த குறியீடு பாதரசத்துக்கு 40, காட்மியத்துக்கு 30, துத்தநாகத்துக்கு 1 என்று நச்சுத்தன்மைக்கு எடை போடுகிறது. அதுவும் மொத்த அளவிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறது.

ஆனால் சேற்றில் இருப்பதெல்லாம் புழுவின் உடம்புக்குள் போய்விடுவதில்லை. கழிமுகத்தில் காலை வைத்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்பாகக் கிளம்புமே, அந்தச் சேற்றில் சல்பைடு இருக்கிறது. காட்மியம், ஈயம், செம்பு, துத்தநாகம், நிக்கல் இவற்றையெல்லாம் அது கரையவிடாமல் கட்டிவைக்கிறது. போதிய சல்பைடு இருக்கும்வரை, மொத்த அளவு கூடுதலாக இருந்தாலும் சேற்றுக்குள் இருக்கும் நீரில் இந்த உலோகங்கள் மிகக் குறைவாகவே கரைந்து வரும். 1990இல் டி டோரோவும் உடன் ஆய்வாளர்களும் காட்மியத்தை வைத்து இதைக் காட்டினார்கள். அதே சேற்றைத் தூர்வாரிக் கிளறினால் ஆக்சிஜன் பட்டுச் சல்பைடு சிதைகிறது, கட்டு அவிழ்கிறது. மொத்த ஈயம் ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை, ஆபத்து மட்டும் கூடிவிட்டது. நம் சொல் இந்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும். இடுப்பளவு நீரில் நின்று சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவருக்குத் தெரிய வேண்டியதும், அந்த இறாலுக்குள் எவ்வளவு போகிறது என்பதுதானே?

> 'உயிர்ச்சேர்வு' எப்படி? "சாப்பிட்டது உடம்பில் சேரவில்லை" என்று வீட்டில் சொல்கிறோமே.

இதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி, அம்மா. பொருள் கச்சிதமாக அதுவேதான். ஆனாலும் 'சேர்' என்ற வினையைப் பயோஅக்குமுலேஷனுக்கு, அதாவது நஞ்சு உடலில் மெல்ல மெல்லத் தேங்கிப் பெருகுவதற்கு, விட்டுவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஜப்பானின் மினமாட்டாவில் 1932 முதல் 1968 வரை ஆலைக் கழிவோடு பாதரசம் கடலுக்குப் போனது. மீனிலும் சிப்பியிலும் அதன் கொடிய வடிவமான மெத்தில் பாதரசம் நாள்பட நாள்படச் சேர்ந்தது. அவற்றைத் தின்ற பூனைகளும் மனிதர்களும் நோயில் விழுந்தார்கள். அங்கே 'சேர்க்கை' பொருந்துகிறது. சேற்றில் கிடக்கும் பாதரசத்தில் எந்த வடிவம், எவ்வளவு, உடலுக்குள் நுழையக்கூடும் என்பது அதற்கு முந்தைய படி. இரண்டுக்கும் ஒரே வினை கூடாது.

சரி, என் முன்மொழிவு: 'உடலேறு பங்கு'.

பாம்பு கடித்தால் விஷம் ஏறுகிறது என்கிறோம். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுகிறோம். வெளியே இருப்பது உள்ளே போய் வேலை செய்வதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற வினை இது. அப்புறம், 'ஏறு பங்கு' வினைத்தொகை: ஏறிய பங்கு, ஏறுகிற பங்கு, ஏறும் பங்கு மூன்றும் அதற்குள் அடங்கும். இன்னும் ஏறவில்லை, ஆனால் ஏறக்கூடும் என்ற பொருளுக்குத் தனியாக ஒரு 'தன்மை'யோ 'திறனோ' ஒட்ட வேண்டியதில்லை.

'பங்கு' என்பதற்கும் காரணம் இருக்கிறது. டெசியர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1979இல் தந்த முறையில் படிவின் உலோகத்தை ஐந்து பங்காகப் பிரிக்கிறார்கள். மேலோட்டமாக ஒட்டியிருப்பது முதலில் கழன்று வரும். கனிமத்துக்குள்ளேயே பூட்டிக்கிடப்பது கடைசி. முன்னது எளிதில் உடலேறும், பின்னது அனேகமாக உடலேறாது. 'உடலேறு காட்மியம்', 'உடலேறா ஈயம்' என்று அடைமொழியாகவும் எழுதலாம். படிவின் கரிமப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும் டிடிடி பூச்சிக்கொல்லி, பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் போன்றவற்றுக்கும் இது பொருந்துகிறது.

> மருந்தியலிலும் இதே சொல்தானே? அங்கே செல்லுமா?

செல்லும். நரம்பில் நேரே ஏற்றும் மருந்துக்கு உடலேறு பங்கு 100 விழுக்காடு. மாத்திரையாக விழுங்கினால் அனேகமாக அதைவிடக் குறையும்.

ஒரு குறை எனக்கே உறுத்துகிறது. பாக்டீரியாவுக்கும் ஒற்றைச் செல் பாசிக்கும் 'உடல்' என்பது இடிக்கிறது. 'உயிரேறு' என்று மாற்றிப் பார்த்தேன், காளைமாட்டின் பெயர் போல ஒலிக்கிறது. இதற்கு யாரிடமாவது நல்ல வழி இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

கையேட்டில் இந்தச் சொல் வரும் வரியை இப்போதைக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "சேற்றில் மொத்தம் எவ்வளவு ஈயம் என்பதோடு நிறுத்தாதீர்கள், அதில் உடலேறு பங்கு எவ்வளவு, தூர்வாரிய பிறகு எவ்வளவு என்று கேளுங்கள்." வருகிற வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் சொல்லிவிடுங்கள்.