தவணைக்கு பிரிஜ், வொஷிங் மெஷின்: எனக்கு இந்தியப் பாஸ்போட், மனைவிக்கு கிரிப் (கடன் தகவல் பணியகம்) சிக்கல். என்ன வழி?

திருச்சி மருமகன்:

வணக்கம். நான் இந்தியப் பாஸ்போர்ட்காரன். மனைவி இங்க இலங்கையில, நானுஓயா பக்கத் தோட்டத்துல பிறந்தவங்க, தோட்டப் பள்ளிக்கூடத்துல டீச்சர். கணவர்ங்கிற முறையில எனக்கு வதிவிட விசா, இன்னும் 14 மாசம் ஓடும். சம்பளம் இந்தியாவுல இருந்து இங்க இருக்கிற வங்கிக் கணக்குக்கு வருது.

டவுன்ல ஒரு கடையில ஃபிரிட்ஜ் 170,000, வாஷிங் மெஷின் 80,000, ஆக ரொக்கமா 250,000 ரூபாய். தவணைன்னா முன்பணம் 50,000, அப்புறம் மாசம் 12,500 வீதம் 24 மாசம். "வருசத்துக்கு 25 வீதம்தான்"னாங்க.

என் பேர்ல கேட்டா, அடையாள அட்டை நம்பர் இல்லாம கம்ப்யூட்டர்ல அடுத்த பக்கமே போகாதாம். மனைவி பேர்ல போட்டோம். "கிரிப்ல பிரச்சினை இருக்கு"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. அவங்க கடனே வாங்கினதில்ல. கரண்ட் பில் வேற மாமனார் பேர்ல இருக்கு. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

பிணைக் கையெழுத்து:

தம்பி, உங்க பேருல எடுக்குறத முதல்ல மறந்துருங்க. தவணைச் சாமான் கடைசிக் கட்டு முடியுற வரைக்கும் கம்பெனிக்குத்தான் சொந்தம், உங்க வீட்டுல இருந்தாலும். ஆளைத் தேடிப் பிடிக்க அவங்க நம்புறது அடையாள அட்டையையும் கிரிப்பையும். உங்களுக்கு ரெண்டும் இல்ல. போதாததுக்கு விசா 14 மாசம், தவணை 24 மாசம். மனேஜர் மனசு வச்சாலும் முற்பணத்தைக் கூட்டி, விசா முடியுற திகதிக்குள்ள கணக்கை அடக்கி, சம்பளச் சீட்டோட ரெண்டு உள்ளூர்ப் பிணையாளர் கேப்பாங்க.

டீச்சரோட கதை வேற. கிரிப் யாரையும் கறுப்புப் பட்டியல்ல போடுறதில்ல. வங்கியும் நிதிக் கம்பெனியும் அனுப்புற விவரத்தை அப்படியே காட்டும், அவ்வளவுதான். குடுக்குறதா இல்லையாங்கிறது கடன் குடுக்குறவன் முடிவு. "கடனே எடுக்கல" சரி, யாருக்காவது பிணை வச்சாங்களான்னு கேளுங்க. டீச்சர்மாரிடம் சக டீச்சர் லோன், தம்பியோட ஓட்டோ லீசிங் எல்லாத்துக்கும் கையெழுத்துக் கேப்பாங்க. அந்தக் கடன் நிலுவையில விழுந்தா பிணை வச்சவங்க அறிக்கையிலயும் தெரியும்.

அவங்களே தன்னோட கிரிப் அறிக்கைக்கு விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வராம எந்தக் கடைக்கும் போக வேணாம். அறிக்கையில பிணை வச்ச கடன் எது, எத்தனை நாள் நிலுவைன்னு முதல்ல பாருங்க. கட்டி முடிச்ச கடன் இன்னும் திறந்து கிடக்குதான்னும் பாருங்க. அட்டை புதுப்பிச்சிருந்தா பழைய ஒன்பது இலக்க வி நம்பரும் புதிய 12 இலக்க நம்பரும் ஒரே ஆளுக்குத்தான் போயிருக்கான்னு சரி பாருங்க. வேற யாரோட கடனாவது இவங்க தலையில ஏறியிருக்கலாம். பிழை இருந்தா கிரிப் தானா அழிக்காது. அந்த விவரத்தை அனுப்பின கம்பெனிக்கு எழுத்துல குடுத்து, பிரதியில சீல் அடிச்சு வாங்குங்க. அவங்கதான் திருத்தி அனுப்பணும்.

உண்மையிலேயே பிணைக் கடன் நிலுவைன்னா, கடன்காரர் கட்டணும், இல்ல கம்பெனி ஒத்துக்கிற வேற பிணையாளரைப் போட்டு இவங்களை விடுவிக்கணும். சும்மா "என் பேரை எடுங்க"ன்னா எடுக்க மாட்டாங்க.

கணக்கப்பிள்ளை:

25 வீதம்னு சொன்னதைக் கொஞ்சம் பிரிச்சுப் பாப்போம். முற்பணம் போக கடன் 200,000. நீங்க கட்டுறது 12,500 × 24 = 300,000. வட்டி 100,000, ரெண்டால பிரிச்சா வருசத்துக்கு 50,000, அதாவது 200,000க்கு 25 வீதம். கணக்கு பொய் இல்ல, ஆனா அது தட்டையான வட்டி. மாசாமாசம் முதல் குறைஞ்சுக்கிட்டே வரும், வட்டி மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு 200,000க்கே ஓடும். குறையுற மீதிக்குக் கணக்குப் போட்டா மாசம் 3.5 வீதம் சொச்சம், வருசத்துக்கு 42 வீதம் போல வரும். வங்கி லோனோட ஒப்பிடணும்னா இந்த 42ஐ வச்சு ஒப்பிடுங்க.

இன்னொரு பக்கம் பாருங்க. கையில 50,000 இருக்கு, மாசம் 12,500 ஒதுக்க முடியும்னும் சொல்றீங்க. மூணு மாசம் சேத்தா 87,500. மெஷினை ரொக்கத்துக்கு எடுத்துட்டு 7,500 மிச்சம். பிறகு 13 மாசம் சேத்தா 170,000, பிரிஜ்ஜும் ரொக்கம். மொத்தம் 16 மாசம். தவணையில போனா அதே 12,500ஐ இன்னும் எட்டு மாசம் கட்டணும். ரொக்கம்னா கடையில கொஞ்சம் குறைச்சும் கேக்கலாம். பிணையும் வேணாம், கிரிப்பும் வேணாம்.

ஹட்டன் பக்கம்:

கணக்கப்பிள்ளை அண்ணே சொல்றது விலை அசையாம நின்னா சரி. 2022ல டொலர் 200 சொச்சத்துல இருந்து 360 வரைக்கும் போனப்ப சீட்டுப் போட்டுக் காத்திருந்தவங்கதான் மாட்டினாங்க. இதெல்லாம் இறக்குமதிப் பாகம். ரூபாய் விழுந்தா கடை லேபலும் அதே வாரம் மாறும். தவணையில விலையாவது பூட்டிப் போயிரும்.

கணக்கப்பிள்ளை:

அதுக்குத்தான் மெஷின் மூணாம் மாசமே வீட்டுக்கு வந்துருதே. விலை ஏறுமோன்னு பயந்து 42 வீதம் கட்டணும்னா, 16 மாசத்துல பிரிஜ் விலை 100,000 ஏறணும். ஏறாதுன்னு சொல்லல. ஆனா அந்தப் பந்தயத்துல நான் காசு வைக்க மாட்டேன்.

வங்கி வாசல்:

இந்தியாவுல சேமிப்பு இருந்தா நடுவுல ஒரு வழி இருக்கு. பாஸ்போட், வீசாவோட இங்க நிலையான வைப்பு போடுங்க. அதை ஈடா வச்சு லோன் கேட்டா வட்டி பெரும்பாலும் வைப்பு வட்டிக்கு மேல ஒரு சில வீதம்தான். அதே வைப்பை ஈடு காட்டி கடன் அட்டையும் கேக்கலாம். வெளிநாட்டுப் பிரஜைக்கு சம்பளச் சீட்டை நம்பி அட்டை குடுக்கத் தயங்குற கிளையும் இதுக்கு இறங்கி வரும். அட்டை கிடைச்சா "வட்டியில்லாத் தவணை"ன்னு எழுதியிருக்கிற இடத்துல ஒரு கேள்வி கேளுங்க: ரொக்க விலைக்கா, லேபல் விலைக்கா? ரொக்கத்துக்குக் குறைக்கிற தொகையும் வங்கி எடுக்குற சேவைக் கட்டணமும் சேந்ததுதான் அங்க வட்டி. ஒரு கட்டு தவறினா மீதிக்கு வழமையான அட்டை வட்டி ஏறும்.

திருச்சி மருமகன்:

ரொம்ப நன்றி அண்ணா. மனைவியிடம் கேட்டேன். கூட வேலை பாக்குற ஒருத்தருக்கு லோன்ல கையெழுத்துப் போட்டிருக்காங்களாம்! அறிக்கைக்கு விண்ணப்பிக்கிறோம். அது சரியானா அவங்க பேர்ல ஃபிரிட்ஜை மட்டும் சின்னத் தவணையில எடுக்கலாமான்னு யோசனை. விலாசத்துக்கு என்ன காட்டணும்? மாமா ஒருத்தர் "எங்கப்பாவும் இந்தியப் பாஸ்போட்தான், இப்ப அடையாள அட்டை இருக்கு, நீயும் எடுக்கலாம்"னு சொல்றாரு, நிஜமா?

பிணைக் கையெழுத்து:

மாமா சொல்றது 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே நிரந்தரமா இருந்த இந்திய வம்சாவளிக்காரங்களுக்கும் அவங்க பிள்ளைகளுக்கும் உரியது. கல்யாணம் கட்டி வந்த மாப்பிள்ளைக்குப் பொருந்தாது.

விலாசத்துக்கு கிராம சேவகர் அத்தாட்சி எடுத்து பிரதேச செயலகத்துல மேலொப்பம் வாங்குங்க. மாமனார் பேருல உள்ள பில்லையும் அவரோட அடையாள அட்டைப் பிரதியையும் சேருங்க. தோட்ட ஒபிஸ் கடிதமும் இருந்தா நல்லது. தோட்டப் பேரை மட்டும் எழுதினா வசூலுக்கு வர்ற ஆள் வேற டிவிஷன்ல போய் நிப்பாரு. டிவிஷன், லயன் (தோட்ட வரிசை வீடு) இலக்கம், வீட்டு இலக்கம், எல்லாம் எழுதுங்க.

ஒப்பந்தத்துல ரொக்க விலை, முற்பணம், தவணைத் தொகை, தாமதக் கட்டணம் இந்த நாலும் நிரப்பாம கையெழுத்து வேணாம். தமிழ்ப் படிவம் கேளுங்க. முன்கூட்டியே முடிச்சா வட்டியில எவ்வளவு கழிப்பீங்கன்னு எழுதி வாங்குங்க. நாளைக்கு ரெண்டு பேரும் திருச்சிக்குக் கிளம்பணும்னா இதுதான் கைகொடுக்கும், ஏன்னா கட்டு முடியாம பிரிஜ்ஜை விக்கவோ வேற ஊருக்குக் கொண்டு போகவோ முடியாது. கடைசிக் கட்டோட "கணக்கு முடிந்தது" கடிதம் வாங்காம வராதீங்க. தகராறு வந்தா, கடன் வங்கியோ அனுமதி பெற்ற நிதிக் கம்பெனியோ குடுத்ததுன்னா மத்திய வங்கிக்கு 1935 நம்பர்ல போன் பண்ணுங்க. சாமான், பில், விலை பத்தின முறைப்பாடுன்னா நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 நம்பர்ல.

கூலிங் பாஸ்:

எல்லாரும் வட்டியைப் பாக்குறீங்க, சாமானை யாரும் பாக்கல. நானுஓயா குளிருக்கு எல்லா பிரிஜ்ஜும் ஒத்துவராது தம்பி, பாத்துத்தான் எடுக்கணும். உள்பக்கம் ஒட்டியிருக்கிற லேபல்ல காலநிலை வகுப்பு இருக்கும். வெறும் டி-ன்னா 16 முதல் 43 பாகை வெளிச்சூட்டுக்குச் செஞ்சது. எஸ்என்-டி-ன்னா 10ல இருந்து. ராத்திரி குசினி 8, 9 பாகைக்கு இறங்குற இடத்துல வெறும் டி பிரிஜ்ஜை வச்சா கீழ் அறை தானாவே குளிரா இருக்கும். தெர்மோஸ்டாட் கீழ் அறையை மட்டும் பாத்துட்டு கொம்ப்ரஸரை ஓட விடாது. மேல பிரீசர்ல இருக்கிற இறைச்சி விடியுறதுக்குள்ள இளகிப் போயிரும். "காஸ் போயிருச்சு"ன்னு சொல்லி காஸ் அடிச்சுக் காசு வாங்கிட்டுப் போவாங்க. காஸ் போகவே இல்ல. பிரீசருக்குத் தனி சென்ஸர் உள்ளதா, இல்ல குளிர்கால சுவிட்ச் உள்ளதாக் கேளுங்க.

"கொம்ப்ரஸர் 10 வருசம்"னா கொம்ப்ரஸர் மட்டும்தான். காஸ், கூலி, போர்ட் எதுவும் அதுக்குள்ள வராது. மின்னல் அடிச்சதும் வராது. ஏப்ரல், ஒக்டோபர் இடியில பிளக்கைக் கழட்டி வைங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு மீட்டர் வச்சு வோல்ட் பாருங்க. 230க்கு 6 வீதம் கூடக் குறைய இருக்கலாம், 216க்குக் கீழ போச்சுன்னா முதல்ல கரண்ட்காரங்களுக்கு எழுதுங்க, பிறகு ஸ்டெபிலைசர்.

மெஷின் எது பாத்தீங்க? புல் ஓட்டோன்னா தண்ணி டேங்க் குழாயை விட மூணு, நாலு மீட்டராவது உயரத்துல இருக்கணும், இல்லாட்டி வால்வு சரியாத் திறக்காம பாதியில பிழைக் குறி காட்டி நிக்கும்.

திருச்சி மருமகன்:

ஃபுல் ஆட்டோதான் பார்த்தோம். டேங்க் கூரை மட்டத்துலதான் இருக்கு, ஊத்துத் தண்ணி.

கூலிங் பாஸ்:

அப்ப ரெட்டைத் தொட்டி (துவைக்க ஒண்ணு, பிழிய ஒண்ணு) மெஷின் எடுங்க, வாளியில ஊத்தினாலும் ஓடும், விலையும் குறைவு. ஊத்துத் தண்ணியில மணலும் இலையும் வரும், குழாய் வாய்ல ஒரு வலை போடுங்க. 13 அம்பியர் சதுரப் பிளக், நல்ல எர்த், கரண்ட் கசிஞ்சா தானா விழுற 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச், மூணும் வேணும். ட்ரிப் சுவிட்ச்ல டெஸ்ட் பட்டனை அமத்தி விழுதான்னு பாத்துட்டு மெஷின் பிளக்கை மாட்டுங்க. லொறி லயம் வரைக்கும் வராதுன்னா பிரிஜ்ஜை நிமித்தியே தூக்கச் சொல்லுங்க. படுக்க வச்சுட்டாங்கன்னா நாலஞ்சு மணித்தியாலம் நிறுத்தி வச்சுட்டுத்தான் சுவிட்ச் போடணும்.