பிக்கப்புக்குத் தமிழில் என்ன? முதல் மின்கிட்டார் கையேட்டுக்குச் சில சொற்கள்

கோவையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரி இசைக்குழுவில் சேரும் பிள்ளைகளுக்காக, முதல் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஆம்ப்பும் வாங்குவது பற்றி ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள். கையில் மிஞ்சிப்போனால் 25,000 ரூபாய் இருக்கும், அதுவும் வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. கடையில் சொல்லும் பாதிச் சொல் புரியாமல், கடைசியில் நிறத்தைப் பார்த்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

வரைவில் இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன்: பிக்கப் – ஒலி எடுப்பான், ஃபிரெட் – விரல் தடுப்பு, பிரிட்ஜ் – பாலம், ஆக்‌ஷன் – செயற்பாடு, கெய்ன் – ஆதாயம், ஆம்ப் – ஒலிபெருக்கி, நட் – கொட்டை. கடைசிச் சொல்லை எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் விடப் பிக்கப்புக்கு ஒரு நல்ல சொல் அவசரமாக வேண்டும். அது வராத பக்கமே இல்லை.

சென்னையிலிருந்து:

தம்பிக்கு,

கொட்டையோடு சேர்த்து இன்னும் நாலைந்தைத் தூக்கிவிடலாம். அகராதியைப் பார்த்தால் ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் கிடைக்கும், கிட்டாரில் இருக்கும் பொருளுக்குக் கிடைக்காது. அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது, வாங்கப் போகிறவன் அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம்.

பிக்கப் ஒலியை எடுப்பதில்லை. நல்ல நிலையில் உள்ள ஒரு மின்கிட்டாரின் பிக்கப்புக்கு முன்னால் நின்று பாடிப் பாருங்கள், ஆம்ப்பில் கிட்டத்தட்ட ஒன்றும் வராது. அதற்குள் இருப்பது நிரந்தரக் காந்தமும், அதைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகளாகச் சுற்றிய, தலைமுடி போன்ற செப்புக் கம்பியும்தான். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் சின்னதாக மின்னழுத்தம் பிறக்கிறது. பள்ளியில் மின்காந்தத் தூண்டல் என்று படித்தோமே, 1831இல் ஃபாரடே கண்டுபிடித்தது, அதேதான். நூறு வருடம் கழித்து அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் அதைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். ரிக்கன்பேக்கர் விற்ற அந்தக் கிட்டார் வாணலி மாதிரி இருந்ததால் அதே பட்டப்பெயர் நின்றுவிட்டது. காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது.

ஆகவே சொல்லில் ஒலி வேண்டாம், அதிர்வு வரட்டும். என் முன்மொழிவு: அதிர்வேற்பி.

அடுத்தது வகைகள். இதில்தான் பிள்ளைகளின் பணம் இருக்கிறது. சிங்கிள் காயிலை ஒற்றைச்சுருள் என்று தயங்காமல் எழுதலாம். 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இப்படி மூன்று இருந்தன. தெளிவான, கணீரென்ற சத்தம். ஆனால் அந்தச் சுருளுக்குக் கம்பியின் அதிர்வும் ஒன்றுதான், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் ஒன்றுதான். ஃபேன் ரெகுலேட்டர், மலிவான சார்ஜர் எல்லாம் ஆம்ப்பில் கேட்கும். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, அவற்றின் காந்தத் துருவங்களையும் எதிரெதிராக வைத்தார். கம்பியின் சமிக்ஞை இரண்டிலும் கூடி வலுக்கிறது, உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. இதுதான் ஹம்பக்கர். பெயரே உறுமலை எதிர்ப்பது என்றுதான் இருக்கிறது. அதனால் ‘உறுமலடக்கி’ என்று வைக்க ஆசையாக இருக்கிறது. ஆனாலும் நான் இரட்டைச்சுருள் என்பேன். கடையில் நிற்கும் பையனுக்கு அது கண்ணால் தெரிகிற விஷயம்: கம்பிகளுக்கு அடியில் குறுகலாக ஒரு பட்டை இருந்தால் ஒற்றை, இரண்டு பட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் இரட்டை.

என்ன பாட்டு வாசிக்கப் போகிறோம் என்று இன்னும் தெரியாத பிள்ளைக்கு, குதிரைப் பக்கம் ஒரு இரட்டையும் மற்ற இரண்டு இடத்தில் ஒற்றையும் உள்ள கிட்டார் நல்லது. யமஹா பசிஃபிக்கா 012 அப்படிப்பட்டது. (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை நான் குதிரை என்றதைக் கவனித்திருப்பீர்கள். வீணைக்காரர்களின் சொல். பாலத்தை விட்டுவிடுங்கள்.)

ஆம்ப்புக்கு ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். நம் ஊரில் ஒலிபெருக்கி என்றால் கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாய். இயற்பியல் பாடநூலில் பெருக்கி என்ற சொல் ஏற்கனவே இருக்கிறது. கிட்டார் பெருக்கி என்று எழுதுங்கள், இரண்டாம் தடவையிலிருந்து பெருக்கி போதும். ‘கிட்டார்’ என்ற அடைமொழிக்குக் காரணமும் இருக்கிறது. வீட்டு ஹோம் தியேட்டரில் மின்கிட்டாரைச் செருகினால் கொசு மாதிரிக் கேட்கும், கரகரப்பைக் கூட்டினால் காதைக் கிழிக்கும். கிட்டார் பெருக்கியின் ஸ்பீக்கர் உச்ச அதிர்வெண்களை வேண்டுமென்றே விட்டுவிடும்படி செய்தது. அந்தக் குறைதான் நாம் பழகிய மின்கிட்டார் சத்தம்.

வாட்டைப் பற்றி ஒரு பத்தி கட்டாயம் எழுதுங்கள். 10 வாட் பெருக்கியை விட்டு 20 வாட்டுக்குப் போனால் சத்தம் இரண்டு மடங்காகாது, 3 டெசிபல் மட்டும் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். படுக்கையறைக்கு 10 வாட்டே தாராளம், பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லுவார். அதற்குப் பதில் ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கெய்னுக்கு ‘ஆதாயம்’ என்பது வட்டிக்கடைச் சொல். அந்தக் குமிழ், சமிக்ஞை முதல் கட்டத்தில் எவ்வளவு பெருக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அளவு மீறினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரப்பு வரும். முன்பெருக்கம் என்று சொல்லலாம். இறுதியில் வெளியே வரும் சத்தத்துக்கு ஒலியளவு. இந்த இரண்டு குமிழும் வேறு வேறு என்று தெரியாததால்தான் பலர் கடையில் ஏமாறுகிறார்கள். முன்பெருக்கத்தை முழுக்கத் திருப்பி வாசித்துக் காட்டினால் எந்தக் கிட்டாரும் ஆஹா என்றிருக்கும். அதைக் குறைத்து, கரகரப்பில்லாமல் ஒவ்வொரு கம்பியாகக் கேட்கச் சொல்லுங்கள். கிட்டாரின் யோக்கியதை அப்போது தெரியும்.

தஞ்சாவூரிலிருந்து:

வணக்கம். நான் கிட்டார் வாசிப்பவள் இல்லை, வீணை சொல்லிக்கொடுக்கிறேன். குதிரையை எடுத்துக்கொண்ட சென்னை நண்பர், மற்றதையும் எடுத்துக்கொள்ளலாம். ஃபிரெட் எங்களுக்கு மெட்டு. முறுக்கும் சாவி பிரடை. விரல் தடுப்பு என்றால் விரலை யாரோ தடுக்கிற மாதிரி இருக்கிறது. மெட்டு விரலைத் தடுப்பதற்கு இல்லையே, கம்பியின் நீளத்தை முடிவு செய்வதற்கு.

அதிர்வேற்பியில் எனக்கு ஒரு சந்தேகம். வீணையில் மந்தரக் கம்பியும் அனுமந்தரக் கம்பியும் பித்தளையில் போடுவதுண்டு. நீங்கள் சொல்கிற காந்தம் பித்தளையைக் கண்டுகொள்ளாது. எங்களில் பலர் குடத்தின் மேல் ஒட்டுகிற வில்லையைப் பயன்படுத்துகிறோம், கான்டாக்ட் மைக் என்போம். அதையும் பிக்கப் என்றுதான் சொல்கிறார்கள். ஒரே சொல்லுக்குள் இரண்டும் வருமா? மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்தது மின் மாண்டலின். இந்தச் சொல் கிட்டாரோடு நிற்காது, கச்சேரி மேடைக்கும் வரும். யோசித்து வையுங்கள்.

அப்புறம், தம்பி ‘செயற்பாடு’ என்று எழுதியது என்னவென்று எனக்கு விளங்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அம்மா சொல்வது சரி. அதோடு, அதிர்வேற்பி என்று சொல்லிப் பார்த்தால் நாக்குச் சிக்குகிறது. எங்கள் பக்கம் மைக்கை ஒலிவாங்கி என்றே சாதாரணமாகச் சொல்கிறோம், வானொலியில் கேட்டுப் பழகிய சொல். அதன் பக்கத்தில் அதிர்வுவாங்கி என்று வைத்தால் விளக்கமே தேவைப்படாது. ஒன்று காற்றில் வரும் ஒலியை வாங்குகிறது, மற்றது கம்பியிலோ பலகையிலோ உள்ள அதிர்வை வாங்குகிறது. காந்த அதிர்வுவாங்கி, ஒட்டு அதிர்வுவாங்கி என்று பிரித்தால் அம்மாவின் வில்லையும் உள்ளே வந்துவிடும்.

சென்னையிலிருந்து:

அதிர்வுவாங்கி. என் சொல்லை நான் திரும்பப் பெறுகிறேன், இது அதைவிட நன்றாக இருக்கிறது. கிட்டார் கையேட்டில் ஒரு தடவை காந்த அதிர்வுவாங்கி என்று சொல்லிவிட்டு, பிறகு வாங்கி என்றே எழுதலாம். ‘குதிரைப் பக்க வாங்கி’, ‘கழுத்துப் பக்க வாங்கி’ நன்றாகவே ஓடுகிறது. பித்தளை விஷயத்தையும் கையேட்டில் சேருங்கள். நைலான் கம்பிக் கிட்டாருக்குக் காந்த வாங்கி வாங்கி ஏமாறுகிறவர்களும் உண்டு.

அம்மா கேட்டது ஆக்‌ஷன் பற்றி. மெட்டுக்கும் அதன் மேலே ஓடும் கம்பிக்கும் உள்ள இடைவெளி. கம்பி உயரம் என்று எழுதினால் தீர்ந்தது, புதிதாக எதுவும் படைக்க வேண்டாம். என்னைக் கேட்டால் கையேட்டில் வாங்கியை விட இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டில் தடித்த கம்பிக்கு 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு 1.5 மில்லிமீட்டர் என்ற அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் விரலுக்குச் சுகம். 4 மில்லிமீட்டர் இருந்தால் அழுத்தவே பலம் வேண்டும், அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதியும் ஏறும். ரொம்பக் குறைந்தால் கம்பி மெட்டில் உரசி ‘ஜ்ர்ர்’ என்னும். தம்பூராவில் நூல் வைத்து வரவழைக்கும் ஜீவாளி மாதிரி நாம் விரும்பிக் கேட்கும் ரீங்காரம் இல்லை இது. மலிவுக் கிட்டார் பலவும் பெட்டியிலிருந்து கம்பி உயரம் சரிபார்க்கப்படாமல்தான் வருகின்றன. பிள்ளை தனக்கு வராது என்று நினைத்து ஒரே மாதத்தில் மூலையில் சாத்திவிடுகிறான்.

இதைச் சரிசெய்வதற்குக் கடையில் ‘செட்டப்’ என்பார்கள். அச்சில் அப்படியே போட்டால் பிள்ளைகள் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு சிரிப்பார்கள். கழுத்துக்குள் ஓடும் எஃகுத் தண்டைத் திருகி வளைவை நேராக்குவது, குதிரையில் கம்பி உயரத்தைச் சரிசெய்வது, பிறகு சுருதி சோதிப்பது என்று மூன்று வேலை அதில் இருக்கிறது. வீணையில் இதற்குப் பக்கத்தில் ஏதாவது சொல் உண்டா அம்மா?

தஞ்சாவூரிலிருந்து:

மெழுகில் மெட்டுகளைச் சுருதி பார்த்துப் பதிப்பதை மேளம் கட்டுதல் என்போம். கைதேர்ந்தவர்கள் செய்கிற வேலை.

சென்னையிலிருந்து:

அழகான சொல், ஆனால் கிட்டாரில் மெட்டுகள் மரத்தில் அடித்து இறுக்கியவை, அசையாது. அசைவது குதிரைதான். மேளம் கட்டித் தாருங்கள் என்று கேட்டால் கடைக்காரர் கல்யாண மண்டபத்தைக் கைகாட்டுவார். பக்குவம் செய்தல் என்று வைப்போமா? ‘கிட்டாரைப் பக்குவம் செய்து கொடுங்கள்’ என்று வாயால் சொல்ல முடிகிறது. இன்டொனேஷனுக்கு மெட்டுச் சுருதி. பன்னிரண்டாம் மெட்டில் கம்பியைத் தொட்டும் தொடாமலும் மீட்டினால் வரும் சுரமும், அங்கேயே அழுத்தி மீட்டினால் வரும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். போனில் ஒரு ட்யூனர் செயலி இருந்தால் யாரும் பார்த்துவிடலாம். அழுத்தியது ஏறி நின்றால், அந்தக் கம்பியின் தாங்கியைக் குதிரையில் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

பணப் பங்கீடு பற்றித் தனியாக ஒரு கருத்து. 25,000இல் கிட்டாருக்கு 15,000, பெருக்கிக்கு 6,000 என்று வைத்து, மிச்சத்தைக் கேபிள், உபரிக் கம்பி, பக்குவம் செய்யும் கூலி இவற்றுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் விற்கும் தொகுப்புகளில் பெருக்கி பெரும்பாலும் ஒப்புக்கு இருக்கும். வீட்டில் கணினி இருந்தால் பெருக்கியைத் தள்ளிப்போட்டு, கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கலாம். பெருக்கியின் சத்தத்தைக் கணினியிலேயே வரவழைக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வெற்றிடக் குழாயில் ஓடும் வால்வு பெருக்கி இந்தப் பணத்துக்குள் பேச்சே இல்லை.

கோவையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. சொற்களை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“பழைய கிட்டாராக இருந்தால் முதலில் கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டு. உரசல் கேட்டால் கம்பி உயரத்தை அள. வாங்கிகளை ஒவ்வொன்றாக மாற்றிக் கேள், குமிழைத் திருப்பும்போது கரமுர என்கிறதா என்று பார். பிரடை வழுக்கினால் விலையைக் குறைத்துக் கேள். மிதக்கும் குதிரை (ஸ்பிரிங்கின் இழுப்பில் நின்று அசையும் குதிரை) உள்ள கிட்டார் முதல் கிட்டாராக வேண்டாம். ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி போய்விடும்.”

‘மிதக்கும் குதிரை’யைப் படித்துவிட்டு அறைத்தோழன் விழுந்து விழுந்து சிரித்தான், ஆனால் என்னவென்று கேட்காமலேயே புரிந்துகொண்டான். நட்டுக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. பிரடைப் பக்கம் கம்பிகளைத் தாங்கி நிற்பதால் இப்போதைக்குத் தலைக்கட்டை என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:

தலைக்கட்டை இருக்கட்டும். “மெட்டிலும் அழுத்தி” என்பதை மட்டும் “மெட்டுக்குச் சற்று முன்னால் அழுத்தி” என்று மாற்றிவிடு தம்பி. மெட்டின் மேலேயே அழுத்தினால் சத்தம் அடைபடும், பிள்ளைகள் கிட்டார் மேல் பழி போடுவார்கள்.