1966 ஃபெண்டர் மஸ்டாங்: கறுப்புக்கு அடியில் இருக்கும் சிவப்பைக் காப்பாற்றுவதா, உரித்துப் புதிதாக அடிப்பதா?

தந்தி66:
1966 ஃபெண்டர் மஸ்டாங் எலக்ட்ரிக் கிட்டார், 24 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்). நெக்கின் (கழுத்துப் பகுதியின்) அடிமுனையில் 16 என்ற மாடல் எண்ணும், அக்டோபர் 66 என்ற முத்திரையும் தெளிவாக இருக்கின்றன. பாடி முழுக்க யாரோ கறுப்பு எனாமலைத் தூரிகையால் பூசியிருக்கிறார்கள். பின்பக்கம் சொட்டி உறைந்த தடம் தெரிகிறது. நெக் பொருந்தும் பள்ளத்திலும் பிக்கார்டு என்ற முன்தகட்டுக்கு அடியிலும் அசல் சிவப்பு அப்படியே இருக்கிறது. பிரிட்ஜ் (தந்திகள் உட்காரும் பாலம்) பக்க பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை மின்சார ஒலியாக்கும் காந்தச்சுருள்) சத்தமே இல்லை, ஸ்க்ரூ எல்லாம் துரு. முதலில் பெயின்ட் விஷயத்தை முடிவு செய்ய வேண்டும். மரம் வரை உரித்து நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடிப்பதா, கறுப்பை மட்டும் எடுப்பதா?

ஸ்ப்ரேகன்:
உரித்துவிடுங்கள். தூரிகை எனாமல் ஓர் இடத்தில் தடிமன், ஓர் இடத்தில் மெலிசு. எவ்வளவு பொறுமையாக எடுத்தாலும் அடியிலிருந்து திட்டுத்திட்டான சிவப்புதான் கிடைக்கும். 1964இல் மாணவர்களுக்கென்று வந்த மாடல் இது. ஃபெண்டரின் விலை உயர்ந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலின் விலையை நினைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம்.

எல்லா பாகத்தையும் கழற்றி, ஜெல் வகை பெயின்ட் ரிமூவரைத் தடிமனாகத் தடவி பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். எனாமல் சுருங்கி எழும்பியதும் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் தள்ளுங்கள். பாப்லர் மெது மரம், இரும்புப் பட்டை வைத்தால் கோடு விழும். பிறகு 150, 220, 320 என்று உப்புத்தாள். பாப்லருக்கும் ஆல்டருக்கும் மரத்துளை அடைக்கும் ஃபில்லர் வேண்டாம், ஆஷ் மரத்துக்குத்தான் அது. தட்டையான பரப்பை எப்போதும் கட்டையில் சுற்றிய தாளால் தேயுங்கள். விரலால் தேய்த்தால் விளிம்பு உருண்டுபோகும். மோசமான ரீஃபினிஷை (மறுபூச்சை) தூரத்திலேயே காட்டிக்கொடுப்பது அந்த உருண்ட விளிம்புதான்.

சீலர் இரண்டு கோட், நிறம் மூன்று நான்கு, கிளியர் ஆறு. லாக்கரும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரும் சமபங்கு, ஒரு நாளைக்கு மூன்று கோட் போதும். மூன்று நான்கு வாரம் தொங்கவிட்டு, மூக்கருகில் வைத்தால் தின்னர் வாடை அடிக்கவில்லை என்ற பிறகே 1000, 1500, 2000 வாட்டர் பேப்பரும் ரப்பிங் காம்பவுண்டும். அவசரப்பட்டால் லாக்கர் பின்னால் சுருங்கி, மரத்தின் ரேகையெல்லாம் மேலே தெரிய ஆரம்பிக்கும்.

அசல்நிறம்:
ஸ்ப்ரேகன் சொன்ன முறையில் குறையில்லை. அதை இந்தக் கிட்டாரில் செய்யக்கூடாது. ஸ்க்ரூ, பாட் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியிலிருக்கும் பாகம்), ஸ்விட்ச் எல்லாம் விலைக்குக் கிடைக்கும். 1966இல் ஃபுல்லர்ட்டன் தொழிற்சாலையில் அடித்த சிவப்பு கிடைக்காது. மாணவர் மாடலானாலும் ரீஃபினிஷ் செய்த பழைய ஃபெண்டருக்கு ஏறக்குறைய பாதி விலைதான் என்பது சந்தையின் பொதுக்கணக்கு.

இந்த இரண்டு பெயின்ட்டும் வெவ்வேறு சாதி. எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவது, இறுகியபின் தின்னரில் மறுபடி கரையாது, சுருங்கத்தான் செய்யும். அக்காலத்தில் ஃபெண்டர் தனிநிறங்களுக்கு வாங்கியது டூபான்ட் கார் பெயின்ட்கள்: டூக்கோ என்கிற நைட்ரோ, லூசைட் என்கிற அக்ரிலிக் லாக்கர். இரண்டுமே எத்தனை வருடம் கழித்தும் தின்னர் பட்டதும் கரையும். அதனால் மேலே இருப்பதைத் தொடக்கூடிய எந்தத் திரவமும் கீழே இருப்பதை முதலில் தின்றுவிடும். வெப்பக்காற்றும் வேண்டாம், நைட்ரோ இளகும், தீயும் பிடிக்கும்.

ஆனால் அதே வேறுபாடு உங்களுக்குச் சாதகமும்தான். எனாமலைக் கலக்குவது டர்பன்டைனில், அது நைட்ரோவைக் கடிக்காது. அடியைத் தேய்க்காமல் பூசியிருந்தால் பிடிப்பு பலவீனமாக இருக்கும். ஒருபக்கக் கூர் பிளேடு எடுத்து, இரண்டு மூலையிலும் செல்லோடேப் சுற்றுங்கள். மூலை குத்தினால் சிவப்பில் கீறல் விழும். பிளேடைக் கிட்டத்தட்ட நிமிர்த்திப் பிடித்து, மேல்முனையை லேசாக உங்கள் பக்கம் சாய்த்து, உங்களை நோக்கி இழுங்கள். வெட்டக்கூடாது, சீவ வேண்டும். சரியான கோணத்தில் கறுப்பு மெல்லிய தூளாக வரும். செதில் செதிலாகத் தெறித்தால் இன்னும் நல்லது. தூளில் சிவப்பு கலந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

நைட்ரோ_பிரியன்:
உரித்துவிட்டு மெலிசாக நைட்ரோ அடித்தால் மரம் மூச்சு விடும், டோன் திறக்கும். அதற்காகவே செய்யலாமே?

அசல்நிறம்:
இல்லை சார். நிறத்துக்கு அடியில் ஃபுல்லர்பிளாஸ்ட் என்ற சீலர் இருக்கிறது. 1960களின் முதல் பாதியிலிருந்தே ஃபெண்டர் அதைப் பயன்படுத்தியது. என்.சி. தின்னருக்கே அசையாத பொருள். அதை ஊடுருவி மரம் மூச்சு விட வழியில்லை. பிக்கப்பின் உயரத்தை அரை மிமீ மாற்றினாலே அதைவிடப் பெரிய வித்தியாசம் கேட்கும்.

ஸ்ப்ரேகன்:
இதில் உடன்படுகிறேன். நைட்ரோ அடிப்பது தோற்றத்துக்கும், பின்னால் டச்-அப் எளிது என்பதற்கும்தான். ஆனால் அந்தச் சீலர் என் தரப்பு வாதத்துக்கும் உதவுகிறது. எனாமலை முக்கால்வாசி தேய்த்துக் குறைத்து, மிச்சத்தையும் சிவப்பையும் தின்னரால் துடைத்து, சீலரோடு நிறுத்திவிடலாம். மரத்தைத் தொடவே வேண்டாம்.

பிளேடு விஷயத்தில் இரண்டு கேள்வி. 66 மஸ்டாங் தட்டைப் பலகை, கை வைக்கும் சரிவு பின்னால்தான் வந்தது. அதனால் முன்னும் பின்னும் சீவலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். நெக்கின் இருபுறமும் நீளும் பாடியின் கொம்புகளின் உள்வளைவில் நேர்பிளேடு எப்படி உட்காரும்? இன்னொன்று, எனாமல் பூசுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் உப்புத்தாள் போடுவார்கள். கீறல் பள்ளங்களில் இறங்கிய எனாமலைப் பிளேடு எடுக்காது.

அசல்நிறம்:
உள்வளைவுக்குப் பிளேடை விரல்களுக்கிடையே லேசாக வளைத்துப் பிடிக்கலாம், அல்லது தச்சர்கள் வைத்திருக்கும் வளைந்த ஸ்கிரேப்பர். இரண்டாவது கேள்வி நியாயம். அதற்குச் சோதனைதான் பதில்: பின்பக்கம் ஸ்ட்ராப் பட்டன் அருகில் 3 செமீ சதுரம், விளிம்பு ஓரமாக இன்னொன்று.

பிளேடுக்குப் பின் மிஞ்சும் கறுப்புப் படலத்தை 2000 வாட்டர் பேப்பரால் எடுங்கள், ஆனால் தண்ணீருக்குப் பதில் லைட்டரில் ஊற்றும் நாப்தா. தண்ணீர் ஸ்க்ரூ துளைகளில் இறங்கினால் மரம் ஊதி, துளையைச் சுற்றி லாக்கர் வெடிக்கும். நாப்தா நைட்ரோவைத் தொடாது, ஆனால் எளிதில் தீப்பிடிக்கும், ஜன்னல் திறந்திருக்கட்டும். அக்காலக் கார் நிறங்களில் ஈயம் இருக்கக்கூடும், உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். மாஸ்க் கட்டாயம்.

சாலிடர்:
பெயின்ட் சண்டைக்கு நடுவில் ஒன்று. வயர் எதையும் வெட்டுவதற்கு முன்னால் அந்த பிக்கப்பைச் சோதியுங்கள். மஸ்டாங்கில் ஒவ்வொரு பிக்கப்புக்கும் மூன்று நிலை ஸ்லைடு ஸ்விட்ச். நடுநிலை ஆஃப், இரு ஓரமும் ஆன், ஒன்று எதிர் ஃபேஸ் (அலை தலைகீழ்). முதல் சந்தேகம் ஸ்விட்ச் மேல்தான். கான்டாக்ட் கிளீனர் இரண்டு துளி விட்டு இருபது முப்பது தடவை தள்ளுங்கள். துரு விட அடிக்கும் பொது ஸ்பிரேயை வால்யூம், டோன் பாட்களுக்குள் அடிக்காதீர்கள், கார்பன் தடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கி அழுக்கைப் பிடிக்கும்.

பிறகு ஜாக்கில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, அந்த பிக்கப்பை மட்டும் ஆன் செய்து, பிளக்கின் முனைக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். 5 முதல் 7 கிலோ ஓம் காட்டினால் பிக்கப்பின் கம்பிச்சுருள் உயிரோடு இருக்கிறது. 250 கிலோ ஓம் அளவில் காட்டினால் நீங்கள் படிப்பது வால்யூம் பாட் என்ற பாகத்தை, கம்பிச்சுருள் அறுந்திருக்கிறது. அப்போதும் காந்தங்களை அழுத்திப் பார்க்காதீர்கள். ஃபெண்டர் இவற்றில் தலைமயிரைவிட மெல்லிய கம்பியை நேராகக் காந்தத்தின் மேலேயே சுற்றியது. காந்தம் துருப்பிடித்தால் உள்சுற்று அறுபடும், காந்தம் நகர்ந்தால் மிச்சமும் போகும். கம்பி முடியும் இடத்தில், ஐலெட் (கம்பி முனையைச் சாலிடர் செய்யும் சிறு வளையம்) அருகில் அறுந்திருந்தால் சாலிடரிலேயே பிழைக்கும். உள்ளே என்றால் ரீவைண்ட்தான் (கம்பியைப் புதிதாகச் சுற்றுவது).

நெக்கைக் கழற்றியிருக்கும்போதே டிரஸ் ராடையும் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியையும்) பாருங்கள், அதன் நட்டு அடிமுனையில்தான் இருக்கிறது. ஃப்ரெட்போர்டை (விரல் வைக்கும் பலகையை) தட்டையாக்கச் சொல்லி யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். அந்த ஆண்டுகளின் ரோஸ்வுட் வளைத்து ஒட்டிய மெல்லிய தகடு, ஓட்டையாகிவிடும்.

தந்தி66:
இரண்டு இடத்திலும் சீவிப் பார்த்தாயிற்று. ஸ்ட்ராப் பட்டன் அருகில் கறுப்பு செதிலாகத் தெறித்தது, அடியில் சிவப்பு பளபளப்போடு இருக்கிறது, கீறல் இல்லை. மேல் விளிம்பில், முன்கை படும் இடத்தில், 12 செமீ நீளத்துக்குச் சிவப்பே இல்லை. மஞ்சள் சீலரும் கொஞ்சம் வெறும் மரமும்தான், அதில் எனாமல் இறங்கியிருக்கிறது. பிக்கப் 6.1 கிலோ ஓம், ஸ்விட்ச்தான் குற்றவாளி.

ஸ்ப்ரேகன்:
பின்பக்கம் அப்படித் தெறிக்கிறது என்றால் அங்கே சீவுங்கள், என் வாதத்தை அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் மேல் விளிம்பை வெறும் மரமாக விடக்கூடாது. வியர்வை இறங்கும், மரம் கறுக்கும், ஓரத்து லாக்கர் தூக்கிக்கொண்டு உதிரும். அந்த 12 செமீக்காவது சிவப்பு கலந்து அடித்து, பழைய நிறத்தோடு ஓரம் கரைத்துவிடலாம்.

அசல்நிறம்:
சிவப்பு வேண்டாம். 60 வருடம் வெளிச்சம் பட்ட சிவப்போடு புது சிவப்பு ஒட்டாது, கறை போலத் தெரியும். தின்னர் கலந்த ஸ்ப்ரேயின் ஓரம் விழும் இடமெல்லாம் பழைய லாக்கர் கரைந்து புதிதோடு ஒன்றாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. மரத்தில் இறங்கிய கறுப்பை இருக்கும்வரை இருக்க விட்டு, வெறும் மரத்தில் மட்டும் மெழுகு நீக்கிய ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) மூன்று தடவை, சிறு பஞ்சுருண்டையால். ஆல்கஹாலில் கரைத்தது என்பதால் நைட்ரோ ஓரத்தைத் தொடாமல் கவனமாக வையுங்கள். வேண்டாம் என்றால் நாளை துடைத்து எடுத்துவிடலாம்.

ஸ்ப்ரேகன்:
ஷெல்லாக் வியர்வைக்கு நிற்காது. தினம் வாசிக்கிற கிட்டாரென்றால் ஆறு மாதத்தில் பிசுபிசுக்கும். நிறமில்லாத நைட்ரோ கிளியரை அதே இடத்தில் மெல்லிய தூரிகையால் வையுங்கள், ஸ்ப்ரே வேண்டாம். அப்போது பழைய சிவப்பு மேல் எதுவும் பறக்காது. அதையும் மழைக்காலத்தில் செய்யாதீர்கள். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் படிகிறது, லாக்கர் பால்போல வெளுக்கும். சென்னையில் நவம்பரில் இது நிச்சயம். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மதியமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் ரிடார்டர் (மெதுவாக ஆவியாகும் தின்னர்) 5 சதவீதம் சேருங்கள்.

அசல்நிறம்:
தூரிகையில் கிளியர், சீலர் எல்லைக்குள் மட்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை. பாடி முழுக்கக் கிளியர் கோட் என்ற யோசனை வந்தால் அங்கே மீண்டும் எதிர்ப்பேன்.

தந்தி66:
பின்பக்கத்தில் தொடங்குகிறேன். மேல் விளிம்பு கடைசியில், பிப்ரவரி வெயில் வந்த பிறகு. துருப்பிடித்த ஸ்க்ரூவுக்கு?

சாலிடர்:
சாலிடரிங் அயர்னை ஸ்க்ரூ தலையில் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கி, ஆறியதும் சரியான அளவு பிலிப்ஸ் முனையால் முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் திருப்பி, பிறகு கழற்றுங்கள். சூடு பக்கத்து லாக்கரில் படாமல் ஸ்க்ரூவைச் சுற்றித் துளையிட்ட அட்டை வையுங்கள்.