ஃபேப் மாஸ்: நிக்கல் காம்ப்ளெக்ஸுக்கு எந்த மேட்ரிக்ஸ்?

சாலென்_தம்பி:
எங்கள் துறையில் ஃபேப் (வேகமான அணுக்களால் சாம்பிளை அடித்து, பறக்கும் அயனிகளின் நிறையைப் பார்க்கும் முறை) செய்ய, செனான் அணுக்களைச் சுடும் கன் வைத்த பழைய மேக்னடிக் செக்டர் மாஸ் மெஷின் ஒன்று இருக்கிறது. ஓட்டத் தெரிந்தவர் ரிட்டயர் ஆகிவிட்டார், இப்போது நானும் பக்கம் கிழிந்த ஒரு மேனுவலும்தான். நேற்று நிக்கல் சாலென் காம்ப்ளெக்ஸை (சாலென் என்ற கரிம மூலக்கூறு நிக்கலைப் பிடித்திருப்பது) கிளிசராலில் குழைத்து ஏற்றினேன். மூலக்கூறு நிறை 324, புரோட்டான் ஒன்று சேர்ந்து 325-இல் பீக் வர வேண்டும். வந்ததோ 93, 185, 277, 369, நடுவே எல்லா எண்ணிலும் புல் முளைத்த மாதிரி சின்னச் சின்னதாக ஏதோ. சாம்பிள் கெட்டுவிட்டதா, கன் போய்விட்டதா? மேட்ரிக்ஸுக்கு, அதாவது சாம்பிளைக் கலந்து வைக்கும் திரவத்துக்கு, கையில் இருப்பவை கிளிசரால், தயோகிளிசரால், மெட்டா நைட்ரோபென்சைல் ஆல்கஹால், ட்ரைஎத்தனாலமைன். இதில் எது பெஸ்ட்? அடுத்து டைசல்ஃபைடு பாலம் (இரண்டு கந்தக அணுக்களின் பிணைப்பு) உள்ள ஒரு பெப்டைடு வேறு காத்திருக்கிறது.

புரோப்முனை:
தம்பி, கன் நன்றாகத்தான் சுடுகிறது. கிளிசரால் 92, ஒரு புரோட்டான் சேர்ந்தால் 93, அதன் மேல் 92 92 ஆகக் கூட்டிக்கொண்டே போங்கள், உங்கள் பட்டியல் அப்படியே வரும். வெறும் கிளிசராலைச் சுட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். எது பெஸ்ட் என்பதற்குப் பதில் கிடையாது, சாம்பிள் எதில் கரைகிறது என்பதற்குத்தான் உண்டு. செனான் அடிப்பது மேலே இருக்கும் சில அடுக்கு மூலக்கூறுகளை மட்டும். அவை பறந்ததும் கீழிருந்து புதுச் சாம்பிள் மேலே வர வேண்டும், அது திரவத்தில் கரைந்திருந்தால்தானே வரும்? 1981-இல் மான்செஸ்டரில் ஃபேப்பை அறிமுகப்படுத்திய பார்பர் குழுவினர் கிளிசராலைப் பயன்படுத்தியதற்கும் இதுதான் பலன், சிக்னல் நிமிடக் கணக்கில் நின்றது. உங்கள் சாலென் கிளிசராலில் மணல் மாதிரி மிதந்திருக்கும். சாம்பிள் வைத்த புரோப் முனையை லென்ஸில் பார்த்தீர்களா?

நைட்ரோபென்சைல் ஆல்கஹாலுக்கு மாறுங்கள். சாம்பிளைத் துளி டிஎம்எஃப் கரைப்பானில் கரைத்து, முனையில் ஏற்கெனவே வைத்த ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர் மேட்ரிக்ஸோடு கலந்துவிடுங்கள். அதற்கு முன்னால் மேட்ரிக்ஸை மட்டும் தனியாக ஒரு ரன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டு நான் ஒரு முழு வாரம் 289-க்கு ஃபார்முலா தேடியிருக்கிறேன்.

நேராகச்சொல்வேன்:
இந்தக் காலத்திலும் ஃபேப்பா? கரைசலை மின்னழுத்தத்தில் தெளித்து அயனியாக்கும் எலக்ட்ரோஸ்ப்ரேக்கு அனுப்பிவிட்டுப் போய் டீ குடிக்கலாமே.

புரோப்முனை:
அனுப்பலாம். ஆனால் சாலென் காம்ப்ளெக்ஸ் மின்சுமையே இல்லாதது, அங்கேயும் அது புரோட்டானையோ சோடியத்தையோ பிடித்தால்தான் தெரியும். மெஷின் வீட்டிலேயே இருக்கும்போது முதலில் இங்கே பார்க்கட்டுமே.

லேப்_அக்கா:
லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்துக்கு (சிடிஆர்ஐ) சாம்பிள் அனுப்பி ஃபேப் வாங்கிய பழைய தீசிஸ் ஏதாவது லைப்ரரியில் இருக்கும், எடுத்துப் பாருங்கள் தம்பி. நைட்ரோபென்சைல் ஆல்கஹால் பீக்குகள் 136, 137, 154, 289, 307-இல் வரலாம் என்று தீசிஸுக்குத் தீசிஸ் ஒரே வரி இருக்கும். 154 புரோட்டானோடு ஒன்று, 307 இரண்டு, தண்ணீர் போனால் 136-உம் 289-உம்.

பெப்டைடு விஷயத்தில்தான் எனக்குப் பயம். தயோகிளிசரால் பெப்டைடுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான், கிளிசராலை விடப் பாகுத்தன்மை குறைவு, சிக்னலும் பளிச்சென்று வரும். ஆனால் அது தயோல், கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த SH குழு உள்ளது. டைசல்ஃபைடு பாலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கிவிடும், அதாவது ஹைட்ரஜன் ஏற்றி உடைத்துவிடும், ஒரு சங்கிலிக்குள்ளேயே பாலம் என்றால் நிறை 2 கூடும், இரண்டு சங்கிலிகளைச் சேர்த்த பாலம் என்றால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்தே வரும். மேஜிக் புல்லட் என்று ஒரு மேட்ரிக்ஸ் கலவை சொல்வார்களே, டைதயோத்ரெய்டாலும் டைதயோஎரித்ரிட்டாலும் 5:1, அதிலும் இதே வம்புதான். முதலில் கிளிசராலில் துளி டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம் விட்டு எடுங்கள், பிறகு தயோகிளிசராலில் எடுத்துப் பாருங்கள். 2 கூடினால் பாலம் இருப்பதற்கே அது சாட்சி. ட்ரைஎத்தனாலமைன் நெகடிவ் மோடுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது காரம், அமிலங்களிலிருந்து புரோட்டானை நன்றாகப் பிடுங்கும்.

சாலென்_தம்பி:
வந்துவிட்டது! லென்ஸில் பார்த்தேன், கிளிசராலில் செங்கல் பொடி மாதிரி அடியில் கிடந்தது, வெட்கமாகிவிட்டது. நைட்ரோபென்சைல் ஆல்கஹாலில் 154, 136, 307 எல்லாம் மேட்ரிக்ஸை மட்டும் எடுத்த ரன்னில் பார்த்தபடியே, அப்புறம் 324, 325, 326, 327 என்று ஒரு கொத்து. 324 ஏன் வருகிறது, புரோட்டான் ஏறாமலா?

புரோப்முனை:
ஆமாம், அந்த மேட்ரிக்ஸில் எலக்ட்ரானை இழந்த அயனியும் கூடவே வரும். இயற்கை நிக்கலில் 58 நிறையுள்ள ஐசோடோப் சுமார் 68 சதவீதம், 60 சுமார் 26. அதனால் 326, 327 வருவதில் பெரும்பங்கு 60-இன் வேலை. 324-உம் 325-உம் கலந்திருப்பதால் ஐசோடோப் கணக்கை இரண்டுக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டிப் பாருங்கள். 649 பக்கமும் ஒரு கண் வையுங்கள், இரண்டு மூலக்கூறு ஒட்டி வரலாம்.

லேப்_அக்கா:
தயோகிளிசரால் புட்டியை ஃப்யூம் ஹூட்டுக்கு வெளியே திறந்துவிடாதீர்கள். அந்த நாற்றத்தில் பக்கத்து லேப்காரர்கள் அப்புறம் உங்களோடு பேச மாட்டார்கள்.